சாமி கையால் மாலை வாங்குவது யார்? குழுவில் சுற்றும் ஒரு படத்தைப் பற்றி

 

ரெண்டு வாரமா நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுத்திக்கிட்டு இருக்கு. சிவபெருமான் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அம்பாள். கீழே ஒருத்தர் கைகூப்பித் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பெருமான் தன் கையாலேயே அவர் தலையில் மாலையைச் சுற்றிவிடுகிறார். படத்துக்குக் கீழே, கடாரம் வென்ற ராஜேந்திர சோழனுக்குச் சிவனே முடிசூட்டுகிறார், எல்லாருக்கும் பகிருங்கள் என்று போட்டிருக்கு. நிறைய பேர் பகிர்ந்தீங்க. லுக்குட் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க: "சாமியே ராஜாவுக்கு முடிசூட்டினா, அந்த ராஜா என்ன செஞ்சாலும் சரின்னு ஆயிடுமா?"

இதுக்கு ரெண்டு வரியில் பதில் எழுத முடியலை. அதோட, நம்ம கோயில் திருப்பணியில் இப்போ ஓடிக்கிட்டிருக்கிற ஒரு பேச்சுக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி பொறுமையாப் படிச்சிட்டு வாங்க.

முதலில், படத்தில் இருப்பவர் யார்?

அந்தச் சிற்பம் தமிழ்நாட்டில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலில், வடக்குப் பக்கத்துப் படிக்கட்டு ஓரம், சுவரில் செதுக்கியது. கீழே உட்கார்ந்து மாலை வாங்குபவர் சண்டேசுவர நாயனார். நாம சிவன் கோயிலுக்குப் போனால் சுற்றி வரும்போது வடக்குப் பக்கம் ஒரு சின்னச் சன்னதி முன்னால் நின்று மெல்லக் கை தட்டிட்டு வருவோமே, அவரேதான்.

அவர் கதை உங்களுக்குத் தெரியும். சேய்ஞலூரில் விசாரசருமர் என்ற சின்னப் பையன். ஊர் மாடுகளை மேய்க்கப் போனவன், ஆற்று மணலில் லிங்கம் பிடித்து, பசுக்கள் தானாகச் சொரிந்த பாலை அபிஷேகம் செய்தான். பால் வீணாகிறது என்று ஊரார் சொல்ல, அப்பா எச்சதத்தன் வந்து பார்த்துக் கோபத்தில் பால் குடத்தைக் காலால் உதைத்தார். பையன் பக்கத்தில் கிடந்த கோலை எடுத்து வீச, அது மழுவாக மாறி அப்பாவின் காலை வெட்டியது. பெருமான் காட்சி கொடுத்து, தன் மாலையையே எடுத்து அவனுக்குச் சூட்டி, தன் தொண்டர்களுக்கெல்லாம் தலைவனாக்கினார். 'சண்டேசன்' என்பது அந்தப் பதவியின் பெயர். கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தச் சிற்பத்தைச் சுற்றிப் பாருங்கள், மாடுகளும் அப்பாவும் வெட்டும் எல்லாம் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கும். படத்தை வெட்டி அனுப்புகிறவர்கள் அந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அப்போ ராஜேந்திரன் பெயர் எங்கிருந்து வந்தது? அது யாரோ கட்டிவிட்ட கதை கிடையாது. சோழர் கலையை ஆராய்ந்த பெரிய அறிஞர்கள், சி. சிவராமமூர்த்தி போன்றவர்கள், சொன்ன ஒரு கருத்து. கங்கை வரை படை அனுப்பி, கடல் தாண்டி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் அடித்து (1025-ஐ ஒட்டி), புதுத் தலைநகரம் அமைத்து, அதில் கோயில் கட்டிய அரசன், கண்ணில் படுகிற இடத்தில் இவ்வளவு பெரிதாக இந்தக் கதையை ஏன் வைக்க வேண்டும்? "எனக்குக் கிடைத்த வெற்றி மாலையும் நீ சூட்டியதுதான்" என்று மறைமுகமாகச் சொல்வதாக இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். எங்களுக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் "இது ராஜேந்திரன்" என்று அங்கே கல்வெட்டு இல்லை. நினைத்திருந்தால் பெயரை வெட்டியிருக்க முடியாதா? கடாரத்திலிருந்து நக்கவாரம் வரை தான் வென்ற ஊர்களையெல்லாம் வரிசையாகக் கல்லில் வெட்டிவைத்த அரசன் அவன். இந்தச் சிற்பத்தில் மட்டும் தன் பெயரைப் போடவில்லை. அது ராஜேந்திரன் சிலை என்றே வைத்துக்கொண்டாலும், அவன் தன்னை ஒரு மாட்டுக்காரப் பையனின் உருவத்துக்குள், கைகூப்பிய தொண்டனாக ஒளித்துவைத்திருக்கிறான்.

அந்தத் தொண்டனுக்கு என்ன வேலை என்பதையும் பார்க்கணும். சோழர் காலத்தில் கோயில் நிலம் வாங்குவது, விற்பது, கடன் கொடுப்பது எல்லாம் ஆதி சண்டேசுவரர் பெயரில்தான் நடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச் சபைகள் கோயில் பணத்தைக் கடனாக வாங்கியதும், வருஷத்துக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி கட்டுவதாக ஒப்புக்கொண்டதும் வெட்டியிருக்கிறது. கடன் கொடுத்தவராக இருப்பது ராஜராஜன் இல்லை, சண்டேசுவரர். நாம இன்னைக்கும் அவர் முன்னால் கையைத் தட்டிக் காட்டுவது "உள்ளேயிருந்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகலை, பாருங்க" என்று சொல்லத்தான் என்று பெரியவங்க சொல்வாங்க. ஆக, சாமி கையால் மாலை வாங்கியவர் கோயில் கணக்குப் பிள்ளை. அக்கா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கு.

மீதிப் பாதி கொஞ்சம் கசப்பானது.

ராஜாக்கள் சாமியைத் தங்கள் பக்கம் காட்டிக்கொண்டது பக்தியால் மட்டுமா? இல்லை. கலை வரலாற்றை உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது: எந்த ராஜாவுக்குத் தன் நாற்காலி ஆட்டம் காண்கிற மாதிரி இருந்ததோ, அவர்தான் அதிகமாகச் செதுக்கியும் வரைந்தும் வைத்திருக்கிறார். எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டோம். தஞ்சாவூர் ராஜராஜனுக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை. அவர் கோயிலுக்குத் தன் பெயரை வைத்தார், ராஜராஜேச்சரம். தனக்கு வைத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று சிவபாதசேகரன். சிவன் பாதத்தைத் தலையில் கிரீடமாக அணிந்தவன் என்று அர்த்தம். சாமி பெயரில் தன் பெயர், தன் தலையில் சாமி கால். ரெண்டையும் ஒரே ஆள் செய்திருக்கிறார் என்பதுதான் அழகு.

ஆட்டம் கண்ட நாற்காலி என்றால் காஞ்சிபுரத்துக்குப் போகணும்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம். கட்டியவர் இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன் என்பார்கள். கர்ப்பக்கிருகத்தைச் சுற்றிப் போகிற திருச்சுற்று மண்டபத்தின் சுவரில், வரிசை வரிசையாகப் பல்லவர் வரலாறு முழுக்கச் செதுக்கியிருக்கிறது. இன்றைக்குப் படக்கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி நடந்துகொண்டே பார்க்கலாம். ஆரம்பம் எங்கே? திருமாலிடமிருந்து. அப்புறம் பிரம்மா, முனிவர்கள், பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன், அவருக்குப் பின் பல்லவர்கள், ஒவ்வொரு அரசனுக்கும் பட்டாபிஷேகம், போர், யானை, குதிரை.

ஏன் இவ்வளவு தூரம் போய் ஆரம்பிக்கணும்? இரண்டாம் பரமேசுவரவர்மன் 731-ஐ ஒட்டி வாரிசு இல்லாமல் இறந்துபோனான். அரியணை காலி. அமைச்சர்களும், கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும், ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து, பல்லவக் குடும்பத்தின் வேறொரு கிளையில் வந்த இரணியவர்மனிடம் போய் நின்றார்கள். இந்தக் கிளை பிரிந்து பல தலைமுறை ஆகியிருந்தது. இரணியவர்மனுக்கு நான்கு பிள்ளைகள். பெரியவர்கள் மூணு பேரும் வரமாட்டேன் என்றார்கள். நாலாவது பிள்ளை, வயசு 12, "நான் போறேன்" என்றான். அப்பாவுக்கு மனசில்லை, சின்னப் பையனாயிற்றே. பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்து அனுப்பிவைத்தார்கள். இதெல்லாம் அந்தச் சிற்பங்களோடு தமிழிலேயே கல்லில் வெட்டியிருக்கிறது.

அந்தப் பையன்தான் நந்திவர்மன். பட்டத்துக்கு வந்த பிறகும் நிம்மதி இல்லை. "உண்மையான வாரிசு இவர்தான்" என்று சித்திரமாயன் என்பவரை முன்னிறுத்தி எதிரிகள் சண்டைக்கு வந்தார்கள். நந்திவர்மன் நந்திபுரக் கோட்டையில் முற்றுகையில் மாட்டிக்கொண்டு, உதயசந்திரன் என்ற தளபதி வந்துதான் காப்பாற்றினார். இப்படி வந்த ஆள்தான் திருமாலில் தொடங்கித் தன் வரைக்கும் ஒரு சங்கிலியைச் சுவர் முழுக்க ஓடவிட்டிருக்கிறார். அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லாரும் வரிசையாக ராஜாவாக இருந்தவனுக்கு இந்த வேலை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் நந்திவர்மனிடம் ஒரு நேர்மை இருக்கிறது. வம்சம் கடவுளிடமிருந்து வந்தது என்று காட்டியவர், தன் கிரீடம் யாரிடமிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. அமைச்சர்களும் ஊர்ப் பெரியவர்களும் வந்து கூப்பிட்டதை, தன் அண்ணன்மார் மறுத்ததைக்கூட, கோயில் சுவரிலேயே போட்டுவைத்தார்.

இதைப் படிக்கும்போது நெகிரி செம்பிலான்காரர்களான நமக்கு நம்ம மாநிலம் ஞாபகம் வரணும். இங்கேயும் அரசர் கூப்பிட்டு வந்தவர்தான். மினாங்கபாவ் மக்கள் தங்கள் பூர்வீகமான பகாருயோங்கிலிருந்து ஒரு இளவரசரை அழைத்துவந்தார்கள். ராஜா மெலேவார் 1773-ல் ரெம்பாவ் பெனாஜிஸில் பதவியேற்றார். இன்றைக்கும் மற்ற மாநிலங்களில் மாதிரி அப்பாவுக்குப் பின் மகன் என்று இங்கே தானாக வந்துவிடாது. சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொகோல், ரெம்பாவ் நான்கின் உண்டாங்குகளும் கூடி அரச குடும்பத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைப் பார்த்திருப்பீங்க. 1902-ல் தொடங்கி 1908-ல் முடித்த மர அரண்மனை, ஆணி அடிக்காமல் கட்டியது, இப்போ அருங்காட்சியகம். அதில் 99 தூண்கள். அரசரைக் காத்த 99 வீரர்களுக்கு ஒவ்வொரு தூண் என்பார்கள். அரண்மனையைத் தாங்குவது யார் என்பதைக் கட்டடமே சொல்லும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க, சிரம்பானிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை.

சரி, தமிழ்நாட்டுக்கே திரும்புவோம். காஞ்சிபுரத்திலிருந்து ஆயிரம் வருஷம் தாண்டி மதுரைக்கு.

1689-ல் மதுரை நாயக்கர் அரசர் முத்துவீரப்பர் அம்மை கண்டு இறந்தார். அவருடைய மனைவியும் பிள்ளை பெற்றதும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது ஒரு கைக்குழந்தை. பாட்டி ராணி மங்கம்மாள் பேரன் பெயரில் ஆட்சியை எடுத்தார், 1706 வரை நடத்தினார். மங்கம்மா சாலை, மங்கம்மா சத்திரம் என்று இன்னைக்கும் அந்தப் பக்கம் சொல்வாங்க. விதவைப் பெண், கையில் குழந்தை, சுற்றிலும் எதிரிகள். அந்த நிலையில் வரைந்ததுதான் மீனாட்சி அம்மன் கோயில் பொற்றாமரைக் குளக்கரை ஊஞ்சல் மண்டபத்தின் விதான ஓவியம். அம்மன் பட்டாபிஷேகக் கோலத்தில் இருக்கிறாள், அவள் செங்கோல் பட்டர் கையால் மங்கம்மாளிடம் வருகிறது.

மதுரையில் மீனாட்சியே ராணி. சித்திரையில் அவளுக்குப் பட்டாபிஷேகம் ஆகி நாலு மாசம் அவள் ஆட்சி, ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் ஆகி மிச்சம் எட்டு மாசம் அவர் ஆட்சி. ஒரு பெண் எப்படி அரசாளலாம் என்று கேட்கிற ஊருக்கு, "நம்ம ஊரை ஆள்வதே ஒரு பெண்தானே, அவளிடம் நான் வாங்கி நடத்துகிறேன்" என்று அந்த ஓவியம் பதில் சொன்ன மாதிரி இருக்கு. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதில் வேறு இருக்குமா என்று எங்களுக்குத் தெரியலை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மதுரைக்குக் கீழ்ப்பட்டிருந்த ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி தலை தூக்கினார். 1702-ல் மங்கம்மாள் படை ராமநாதபுரத்தின் மேல் போனது. தளவாய் நரசப்பையர் களத்திலேயே இறந்தார், மதுரை தோற்றது. ராமநாதபுரம் தனி நாடானது. கிழவனுக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் அரண்மனை ராமலிங்க விலாசத்தில் சுவர் முழுக்க ஓவியம் வரைந்தார்கள். அதில் ஒன்று: சேதுபதி தங்கள் குலதெய்வம் ராஜராஜேசுவரி கையிலிருந்து செங்கோல் வாங்குகிறார்.

புரியுதா? மங்கம்மாளுக்கு மீனாட்சி கொடுத்தாள். மங்கம்மாளைத் தோற்கடித்த நாட்டின் சேதுபதிக்கு ராஜராஜேசுவரி கொடுத்தாள். ரெண்டு பேரும் அம்பாள்தான். அம்பாள் யார் பக்கம்? இதுக்குத்தான் கசப்பான பாதி என்று சொன்னோம். சாமி கொடுத்தது என்று படம் வரைந்தவன் தூரிகை ராஜாவின் காசில் வாங்கியது. "சாமி எனக்குக் கொடுத்தார்" என்ற படத்தைப் பார்த்தால், யாருக்கு எதிராக அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்றும் கேட்கணும்.

உலகம் முழுக்க இதே கதைதான். இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ், ராஜா என்றால் பூமியில் கடவுள் மாதிரி, மக்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று எழுதியும் பேசியும் வந்தவர். அவர் மகன் முதலாம் சார்ல்ஸ், ரூபன்ஸ் என்ற பெரிய ஓவியரை வைத்து, அப்பா வானத்துக்கு ஏறிப்போவது போல லண்டன் அரண்மனை விருந்து மண்டபத்தின் கூரையில் வரையவைத்தார். 1636-ல் அதைப் பொருத்தினார்கள். 13 வருஷம் கழித்து, 1649 ஜனவரி 30, பாராளுமன்றத்தோடு சண்டை போட்டுத் தோற்ற அதே சார்ல்ஸை, அந்த மண்டபத்தின் வழியாகத்தான் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தலையை வெட்டினார்கள். மேலே அப்பா சொர்க்கம் போய்க்கொண்டிருந்தார்.

இங்கேதான் நம் சிற்பிகளை நாங்கள் மெச்சுகிறோம். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் கோயில் சிலைகளில் ராஜா வானத்துக்குப் பறக்கவில்லை. நிற்கிறார், கை கூப்புகிறார். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவர் முன்னோர்களுமாகப் பத்துப் பேர் ஆள் உயரத்துக்குத் தூணில் இருக்கிறார்கள். இடுப்பில் கத்தி, உடம்பெல்லாம் நகை, திருமலை நாயக்கருக்கு நல்ல தொப்பைகூட உண்டு, சிற்பி ஒன்றையும் குறைக்கவில்லை. ஆனால் எல்லார் கையும் கும்பிட்டபடி இருக்கிறது. மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் மகேந்திரன் என்று பெயர் வெட்டிய பல்லவ ராஜா, ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சன்னதிப் பக்கம் காட்டுகிறார், "என்னைப் பார்க்காதே, அங்கே பார்" என்கிற மாதிரி. அதே குகையில் எதிர்ப்பக்கம் சிம்மவிஷ்ணு என்று பெயர் வெட்டிய ராஜா சிம்மாசனத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எல்லாரும் பணிவு என்று சொன்னால் அது பொய்.

செங்கோல் வாங்குகிற பழக்கம் மதுரையில் இன்னும் இருக்கு. சித்திரைத் திருவிழாப் பட்டாபிஷேகத்தன்று அம்மன் செங்கோலைக் கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வாங்கிக்கொண்டு, பிராகாரம் சுற்றி வந்து, திரும்பவும் அம்மனிடமே வைத்துவிடுவார். நாயக்கர் போனார், கும்பினிக்காரன் வந்து போனான், இப்போ அரசாங்க அறநிலையத் துறை. வாங்குகிற கை மாறிக்கொண்டே இருக்கு. கோல் அன்னைக்கே திரும்பி அவளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இப்போ நம்ம கோயிலுக்கு வருவோம்.

நம்ம தோட்டத்துக் கோயிலில் ராஜா யாரும் இல்லை. ஆனால் முதல் மரியாதை இருந்தது. தீமிதித் திருவிழாவில் வெள்ளைக்காரத் துரை காரில் வந்து இறங்குவார், அவருக்கு மாலை. அப்புறம் பெரிய கிராணி, அப்புறம் கங்காணி, அவர்களுக்குப் பரிவட்டம். விடியற்காலையில் பால் மரம் வெட்டிட்டு வந்து, ராத்திரி எல்லாம் கண் முழித்துத் தேர் அலங்காரம் செய்தவங்க தள்ளி நின்னு பார்த்தாங்க என்று நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கோம். அம்மன் கழுத்தில் இருந்த மாலை துரை கழுத்துக்குப் போகும்போது, "இந்தத் தோட்டம் இவருடையது, அம்மனே ஒத்துக்கிட்டா" என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். சுவரில் வரைந்தால்தான் படமா? அதுவும் ஒரு படம்தான், வருஷா வருஷம் காட்டினது. பிறகு தோட்டம் கை மாறியது, ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்து வீடுகளை இடித்தார்கள். துரை எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. கோயில் இருக்கு, ஏன்னா தள்ளி நின்னவங்க பிள்ளைங்க விடலை.

திருப்பணியில் ஓடுகிற பேச்சு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகத் திறந்தே சொல்கிறோம். விமானம் முடிக்கப் பணம் பற்றாமல் நின்றபோது ஒரு குடும்பத்தார் பெரிய தொகை கொடுக்க முன்வந்தார்கள். நல்லவர்கள், நம்ம தோட்டத்தில் பிறந்தவர்கள்தான். மறைந்த அவர்கள் தகப்பனார் இந்தக் கோயிலுக்கு உழைத்தவர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர்கள் கேட்பது: விமானத்தில், அம்மன் கையால் தங்கள் அப்பா மாலை வாங்குகிற மாதிரி ஒரு சுதைச் சிற்பம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிற சிற்பி செய்து தரலாம் என்கிறார். ராஜேந்திரன் படத்தைக் குழுவில் முதலில் போட்டவர்கள் இதுக்கு ஆதாரமாகத்தான் போட்டார்கள்: "ராஜா செய்யலையா?"

ராஜா என்ன செய்தார் என்று மேலே எழுதிவிட்டோம். தொண்டர்களாகிய எங்களில் பெரும்பாலோர் எண்ணத்தையும் எழுதிவிடுகிறோம். எங்களிலேயே ரெண்டு பேர் இதை ஏற்கவில்லை, கும்பாபிஷேகம் தள்ளிப்போகும், பணம் இல்லாமல் என்ன செய்வீங்க என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான்.

பெரியவர் உருவம் கோயிலில் இருக்கட்டும். எங்களுக்கும் ஆசைதான், அவர் கையால் கூழ் வாங்கிக் குடிச்சவங்க நாங்க. ஆனால் விமானத்தில் வேண்டாம், மாலை வாங்குகிற கோலத்தில் வேண்டாம். முன்மண்டபத் தூணில், புதுமண்டபத்து நாயக்கர் மாதிரி கைகூப்பி, அம்மனைப் பார்த்தபடி நிற்கட்டும். தோளில் துண்டு, சட்டை இல்லாமல், தீச்சட்டி எடுக்கும்போது இருப்பாரே அப்படி. அவர் உயிரோடு இருந்தால் எதைக் கேட்டிருப்பார் என்று அவரைத் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். அம்மன் கையால் மாலை வாங்குகிற உருவம் ஒன்று விமானத்தில் கட்டாயம் வேணும் என்றால், சண்டேசுவரரை வைப்போம். கணக்குப் பார்க்கிறவர் ஒருத்தர் மேலே உட்கார்ந்திருப்பது நிர்வாகத்துக்கும் நல்லது.

இன்னொன்றும் கேட்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தன் மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னார். அங்கே ஆடல் பாடல் பணிக்குக் கொண்டுவந்த 400 பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பது வரை இருக்கிறது. அந்தக் கோயில் சுவர் ஓவியத்தில் ராஜராஜன் எவர் என்பதில் அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அந்த 400 பெண்கள் பெயரில் வாதம் இல்லை.

நம்ம கோயிலில் பழைய மண்டபத்தை இடித்தபோது எடுத்துவைத்த பெயர்ப் பலகை, பின்னால் சாமான் அறையில் இருக்கு. மரப்பலகை, பச்சைப் பெயின்ட். ஒரு நாள் சம்பளம் கொடுத்தவர்கள் பெயர் அதில் இருக்கு. சில பெயருக்கு நேரே ரெண்டு வெள்ளி, சிலதுக்கு ஒரு வெள்ளி, ஒரு பாட்டி பெயருக்கு நேரே "அரிசி" என்று மட்டும் போட்டிருக்கு. கரையான் ஒரு ஓரத்தைத் தின்றுவிட்டது. அந்தப் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி முன்மண்டபத்தில் பதிக்கணும், இப்போ பெரிய தொகை கொடுக்கிறவர்கள் பெயரும் அதே கல்லில், அதே அளவு எழுத்தில் வரணும் என்பது எங்கள் கோரிக்கை. டியூப் லைட்டில் உபயம் என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற வேலை இனி வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிந்து பத்து மணிக்குக் கூட்டம். அந்தக் குடும்பத்தாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் குரலை உயர்த்த வேண்டாம். பலகையைத் துடைத்து மண்டபத்தில் வைக்கிறோம். கரையான் தின்ற பகுதியில் ஏழெட்டுப் பெயர் போயிடுச்சு. உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது ஞாபகம் இருந்தால், பெயரும், எந்த லயத்தில் இருந்தாங்க என்பதும் எழுதிக் கொண்டுவாங்க. வயசானவங்களால் வர முடியலை என்றால் சொல்லுங்க, வேன் ஏற்பாடு செய்கிறோம். மதியம் அன்னதானம் உண்டு.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்